என் முகத்துக்கு ஒரு காகிதம்

"எந்தப் பேப்பர் நல்ல பேப்பர்?" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலையை விட்டு வந்த பிறகும் விடமாட்டேன் என்கிறார்கள். ஃபிலிமில் படம் எடுத்து இருட்டறையில் கழுவிப் பார்ப்பதற்கு இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறது. சென்னையிலிருந்து யார் யாரோ போன் போடுகிறார்கள். பளபளப்பு இல்லாத மேட் பேப்பரில் எது உசத்தி, சொரசொரப்பு எவ்வளவு இருக்கலாம், லித் டெவலப்பர் என்கிற மருந்துக்கு எது ஒத்துவரும். புடவைக் கடைக்குப் போய் "எந்தப் புடவை நல்ல புடவை" என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்? யாருக்கு, என்ன விசேஷத்துக்கு என்று திருப்பிக் கேட்பாரா மாட்டாரா? நானும் அதையே கேட்கிறேன். யாருடைய முகம்? யார் பார்க்கப்போகிறார்கள்? முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். இரண்டாவதற்கு ஒருத்தரிடமும் இருக்காது.

என்னிடமும் வெகுகாலம் இருக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கண் போகப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மண்ணூர்க்காரி, பெயர் கஸ்தூரி. ஒரகடத்தில் கார்களுக்கு உலோக வார்ப்பு செய்கிற ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். வார்ப்புக்குள்ளே விரிசல் இருக்கிறதா, காற்று புகுந்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அந்த ஃபிலிமைக் கழுவுகிற இருட்டறையில் ஆள் தங்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் மூச்சு முட்டுகிறது என்று ஓடிப்போனதால், என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். எனக்கோ அந்த இருட்டு அம்மா மடி மாதிரி பிடித்துப்போயிற்று. வெளியே லைன் இரைச்சல், சூப்பர்வைசர் கத்தல், ஓ.டி. தகராறு. உள்ளே சிவப்பு விளக்கு, தண்ணீர் சொட்டுகிற சத்தம், நான். ஃபிலிமை மாட்டு, டெவலப்பரில் முக்கு, அலசு, ஹைப்போ மருந்தில் முக்கு, காயப்போடு. வருஷங்கள் போனதே தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் டிஜிட்டல் மெஷின் வந்து இறங்கியது. இருட்டறையைக் கழற்றினார்கள், கூடவே என்னையும்.

கழற்றிப்போட்ட தொட்டிகளை வாங்கிக்கொள்ள ஒருவர் வந்தார். பாக்கியநாதன் சார். தென்காசிப் பக்கத்துக்காரர். சட்டையில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார், வெயிலாக இருந்தாலும். தொட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தார்.

"இந்தத் தொட்டியத் தெனமும் கழுவுனது யாரு?"

கறை இருக்கிறதென்று குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "நாந்தான் சார். இன்னா, அழுக்கு கீதா?"

"இல்ல. அதான் கேக்கேன்."

அப்படித்தான் அவரிடம் சேர்ந்தேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பின் வயிற்றுப் படம். மனுஷ முகத்தை அவரிடம்தான் கழுவ ஆரம்பித்தேன்.

சாரின் லேப் எங்கள் ஊரிலேயே ரோட்டோரம் ஒரு ஷெட்டில் இருந்தது. பாதி ஷெட்டில் இரும்புச் சாமானுக்குப் பெயின்ட் ஏற்றுகிற பவுடர் கோட்டிங் வேலை நடக்கும். மீதி பாதியைத் தடுத்து இருட்டறை. கண்காட்சி வைக்கிறவர்கள், அவசரம் இல்லாத ஸ்டுடியோக்காரர்கள், தன் முகத்தைப் பழையபடி காகிதத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்று எங்கெங்கிருந்தோ நெகடிவ் அனுப்புவார்கள். ரோட்டில் கன்டெய்னர் லாரி போனால், நெகடிவைப் பெரிதாக்கிக் காட்டுகிற என்லார்ஜர் நடுங்கும். அது நடுங்கினால் காகிதத்தில் விழுகிற முகமும் நடுங்கும். அதனால் லாரி போய்முடியும் வரை காத்திருந்துதான் வெளிச்சம் காட்டுவோம். சிவப்பு வெளிச்சத்தில் நானும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் தூரத்தில் ஏதாவது வருகிறதா என்று காது கொடுத்து நிற்போம். மழைக்காலத்தில் தகரக் கூரையில் மழை கொட்டும்போது எது லாரி, எது இடி என்று தெரியாது. அந்த நேரங்களில் நான் விழித்திருக்கிறேனா, தூங்குகிறேனா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிடும்.

சேர்ந்த புதிதிலேயே ஒரு கூத்து. மூலையில் ஒரு ஜாடியில் காப்பிக் கலரில் ஏதோ அழுக்குத் தண்ணீர் இருந்தது. எக்ஸ்ரே ரூமில் பழைய மருந்தை விட்டுவைத்தால் வேலை போய்விடும். நான் பார்த்தேன், ஊற்றிக் கொட்டினேன், ஜாடியைப் பளிச்சென்று தேய்த்துக் கவிழ்த்துவைத்தேன். சார் வந்தார். கவிழ்ந்திருந்த ஜாடியைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கஸ்தூரிம்மா, உங்க வீட்டுல தயிர் எப்பிடி ஒறைய வைக்கீங்க?"

"பழைய மோரு ஒரு கரண்டி ஊத்துவோம் சார்."

"அந்தக் கரண்டி மோரத்தான் இப்பக் கொட்டுனீங்க."

லித் டெவலப்பர் புதிதாகக் கலக்கினால் முரடாக இருக்கும், மிளகுத்தூள் தூவின மாதிரி படம் முழுக்கக் கரும்புள்ளி விழும். முன்பு பயன்படுத்தின மருந்தைக் கொஞ்சம் சேர்த்தால்தான் அடங்கி வேலை செய்யும். அந்த ஜாடி அவர் வருஷக்கணக்காக வளர்த்துவந்த உறை. மனுஷர் அதற்காக ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டு வாங்கிப் பழகின உடம்பு இது, திட்டு வாங்காமல் இருந்தது தாங்கமுடியவில்லை. நல்லதைக் கெட்டதென்று கொட்டிவிட்டேனே என்று வீட்டுக்குப் போய் அழுதேன்.

லித் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாதாரண மருந்தில் படம் சட்டென்று வந்துவிடும். லித்தில் அப்படியில்லை. மருந்தை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, வெளிச்சத்தை மட்டும் தாராளமாகக் காட்டி, காகிதத்தைத் தட்டில் போட்டு ஆட்டிக்கொண்டே நிற்க வேண்டும். வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே கிடக்கும். கால் வலிக்கும். ஏதாவது தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றும்போது, எங்கோ ஒரு மூலையில் நிழல் மாதிரி ஒன்று கசியும். அப்புறம் ஒரு கன்னம், ஒரு காது. எல்லாம் மங்கலாக, தூக்கத்தில் பார்த்த முகம் மாதிரி. அப்படியே வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒரு இடத்தில் கறுப்பு பிடிக்கும். பிடித்துவிட்டால் பக்கத்து இடத்துக்குத் தொற்றும். அதற்குப் பிறகு நிற்காது, ஓடும். எந்த நொடியில் தூக்குகிறோம் என்பதில்தான் படம் இருக்கிறது. சார் இருட்டில் பேசவே மாட்டார். இடுக்கியால் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார். நான் தூக்கி அடுத்த தட்டில் போட்டுவிட வேண்டும். அவர் தட்டின பிறகு ஒரு மூச்சுகூட நான் தாமதித்ததில்லை.

வெளியே கொண்டுவந்து பார்த்தால் நிழல் எல்லாம் கரி, வெளிச்சம் எல்லாம் செம்மண்ணும் பாலும் கலந்த நிறம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. "அய்யோ சார், இன்னா அழகு!" என்றேன்.

"ஈரத்துல பாத்துப் பேசப்பிடாது" என்று கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மேட் காகிதத்தின் குணம் அது. ஈரத்தில் கறுப்பு கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி ஆழமாக இருக்கும். காய்ந்ததும் மேலே சாம்பல் பூத்துவிடும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நேற்றைய அழகியைக் காணோம், காய்ச்சலில் எழுந்த ஒருத்தி தொங்கிக்கொண்டிருப்பாள். அதனால் காகிதம் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று ஈரத்திலேயே மனசுக்குள் பார்க்கப் பழக வேண்டும். அதற்குத்தான் எனக்கு வருஷங்கள் பிடித்தன.

காகிதப் பெட்டிகளின் மேல் என்னென்னவோ எண்ணும் எழுத்தும் அச்சடித்திருக்கும். அதெல்லாம் எனக்கு வாயில் நுழையாது. நான் சமையல்கட்டிலிருந்து பெயர் வைத்தேன், சாரும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மேற்பரப்பு நறநறவென்று இருந்தால் அது ரவை. துணி நெசவு மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோடு ஓடினால் கித்தான். விரல் வைத்தால் வழுக்கவும் வழுக்காமல், உறுத்தவும் உறுத்தாமல் இருந்தால் முட்டை ஓடு. எல்லாக் காகிதமும் லித்துக்கு மசியாது. சிலது எவ்வளவு ஆட்டினாலும் சுரணையில்லாமல் கிடக்கும், சிலது மொத்தமாகக் கறுத்துத் தொலைக்கும். மூடப்போகிற ஸ்டுடியோக்களில் அடியில் கிடக்கிற பழைய பெட்டிகளை சார் தேடித் தேடி வாங்கிவருவார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கிழித்துப் பரிசோதித்து, உருப்படும் என்றால் ஃபிரிஜ்ஜில் வைப்போம். அந்த ஃபிரிஜ்ஜில் ஒரு பாட்டில் மோர் வைக்கக்கூட எனக்கு இடம் கொடுத்ததில்லை அந்த மனுஷர்.

யாருக்கு எந்தக் காகிதம் என்பதில் எங்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. அதற்குக் காரணம் ஒரு டீச்சரம்மா. அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த படத்தை முட்டை ஓட்டில் போட்டுக் கொடுத்தோம். பிரித்துப் பார்த்த அந்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் இவ்ளோ கெழவி ஆயிட்டேனா? யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லியே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சார் அதே நெகடிவை ரவையில் பெரிதாகப் போட்டார். ரவையின் நறநறப்பில் சுருக்கம் எல்லாம் கரைந்துபோயிற்று. டீச்சரம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அன்றையிலிருந்து வயதான பெண்கள் முகம் என்றால் யோசிக்கவே மாட்டோம், கை நேராக ரவைக்குத்தான் போகும். யாரும் குறை சொன்னதில்லை. எல்லாரும் சந்தோஷமாகத்தான் போனார்கள்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்குகிற ஷிப்ட் ஆட்களை ஒரகடம் கம்பெனிகளுக்கு ஏற்றிப்போகிற பஸ் ஓட்டினார். ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தார், "இந்த ஷேர் ஆட்டோலாம் எங்கேந்து மொளைக்குதுன்னே தெரிலமே. இல்லாத எடத்துல திடீர்னு வந்து நிக்குது" என்று. "நீ தூங்கிகினே ஓட்டிகினு கீற, வேற இன்னா" என்று நான் கிண்டல் செய்தேன். அப்புறம் ஒரு நாள் கம்பெனி கேட்டின் தூணில் பஸ்ஸை உரசிவிட்டார். கண்ணைச் சோதிக்க அனுப்பினார்கள். கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது, வலி இல்லாததால் தெரியவில்லை என்றார் டாக்டர். வலது கண் அதற்குள் போய்விட்டிருந்தது. இடது கண்ணில் நட்ட நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

"பைப்பு வழியா பாக்குற மாதிரி கீது" என்பார். வெயில் ஆகாது, கண்ணாடியில் பட்டு வெளிச்சம் தெறித்தால் எல்லாம் வெள்ளையாகிவிடும்.

சொட்டு மருந்து கேட்கவில்லை. ஆபரேஷன் செய்தால் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார்கள். ஆனால் இவ்வளவு முற்றின கண்ணில், இருக்கிற அந்தக் கொஞ்சமும் ஆபரேஷனிலேயே அணைந்துபோகவும் கூடும், மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். செய்யாவிட்டால் எப்படியும் போகப்போகிறதுதான். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று சொன்னார்.

"ஆப்பரேசனுக்கு முன்னாடி ஒன் மூஞ்ச ஒருவாட்டி ஒழுங்கா பாத்துக்கணும்மே."

"பக்கத்துலதான குந்திகினு கீறேன். பாரேன்யா, யாரு வாணாண்ணது."

"நீ ஒரு எடத்துல நிக்கிறியா? மூக்கப் புடிக்கிறதுக்குள்ள வாயி போய்டுது. வாயப் புடிச்சா கண்ணு எங்கியோ போய்டுது. முழுசா சிக்கவே மாட்டேன்ற."

போனில் இருக்கிற படத்தைக் காட்டினேன். "பளபளன்னு கூசுது, எடு அப்பால" என்றார். நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது அந்தப் பேச்சு மறுபடி காதில் விழுந்தது. என் கை நின்றுவிட்டது. கட்டின நாளாகப் பார்த்த முகத்தை ஒரு மனுஷன் பிச்சை கேட்கிற மாதிரி கேட்கிறாரே என்று அடுப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

சாரிடம் சொன்னேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, அதற்குள் வேண்டும் என்று. அவர் கேள்வி கேட்கவில்லை. கேமராவை எடுத்துவந்து என்னை ஷெட் வாசலில் நிற்கவைத்தார். மற்றவர்கள் முகத்தைக் கழுவியே காலம் போயிற்று, என் முகத்துக்கு நேராக ஒரு ஃபிலிம் கேமரா நின்றது அதுதான் முதல் தடவை. பவுடர் போட்டுக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"சிரிங்க கஸ்தூரிம்மா. இன்னும் கொஞ்சம். தலையச் சாய்க்காதீங்க."

முதலில் சிரித்தேன். ஃபிலிம் தீர்கிற வரைக்கும் சிரி சிரி என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? "போதும் சார், வாய் வலிக்குது, நான் இன்னா பொம்மையா?" என்று எரிந்துவிழுந்தேன். அதையும் எடுத்துத் தொலைத்தார்.

நன்றாகச் சிரித்த படத்தைத் தேர்ந்தெடுத்தேன். காகிதம்? அதற்கு யோசனையே இல்லை. வயதான பெண் முகம், ரவை. அளவு? கண் தெரியாதவருக்குப் பெரிதாகத்தானே போட வேண்டும். லேப்பில் இருந்ததிலேயே பெரிய காகிதத்தை எடுத்தேன். சாரும் சரி என்றார். லாரி வராத நேரம் பார்த்து வெளிச்சம் காட்டினோம். அவர் தட்டினார், நான் தூக்கினேன். காய்ந்த பிறகு பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. நெற்றியில் ஒரு கோடு இல்லை. கன்னம் இளநீர் வழுக்கை மாதிரி. இப்படி ஒரு காலத்திலாவது இருந்தேனா என்று சந்தேகமாக இருந்தது. சுருட்டி எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன்.

அவர் மடியில் விரித்துவைத்தேன். குனிந்து, அந்தப் பைப்புக் கண்ணை மெதுவாக நகர்த்தினார். மேலே போனார், கீழே வந்தார், ஓரத்துக்குப் போய்விட்டார். பெரிய சுவரில் எறும்பு ஊர்கிற மாதிரி அவர் பார்வை என் கன்னத்தில் வழி தெரியாமல் அலைந்தது.

"இன்னாது இது? சிமென்ட்டுத் தரை மாதிரி கீது."

"ஒன் பொண்டாட்டிய்யா!" என்று தள்ளிப்போய்த் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். தூரத்தில் வைத்ததும் பார்வைக்குள் அடங்கியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரோ அழகாத்தான் கீறாங்க" என்றார். "நீ எங்க?"

கோபம் தலைக்கேறிவிட்டது எனக்கு. "கண்ணுதான் போச்சுன்னா கட்டுனவளையுமா மறந்துபூட்ட?" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படத்தைத் தேடுவதைப் பார்த்தேன். தன் கண்தான் இன்னும் கொஞ்சம் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அய்யோ, அந்த மனுஷர் மேல் ஒரு தப்பும் இல்லையே. நான்தான் அங்கே இல்லை.

மறுநாள் லேப்பில் அந்தப் படத்தை சுவரில் சாய்த்துவைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சார் படத்தைத் திருப்பி சுவர்ப்பக்கம் வைத்தார்.

"மத்தவங்க எப்பிடிப் பாக்கணும்னு நாம போட்டோம். அவரு எப்பிடிப் பாப்பாருன்னு கேக்கலியே."

பழைய காலண்டர் தாளை எடுத்துக் குழாய் மாதிரி சுருட்டினேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சார், ஆளுக்கொரு குழாயை ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வந்தோம். பவுடர் கோட்டிங் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தன் "இன்னாக்கா, கடல்ல கப்பல் வருதா?" என்றான். "உன் மண்டையிலதான் வருது, போடா" என்றேன். ஆனால் குழாயை எடுக்கவில்லை. கையை நீட்டிப் பிடித்தால் உள்ளங்கை அளவுதான் அதற்குள் அடங்குகிறது. அவ்வளவுதான் எங்கள் வீட்டுக்காரர் உலகம். அந்த அளவுக்குள் ஒரு முகம் முழுசாக இருக்க வேண்டும்.

உள்ளங்கை அளவில் ரவை உதவாது. ஒரு பருக்கை ஒரு கண்ணிமையை விழுங்கிவிடும். முட்டை ஓடுதான். எந்த நெகடிவ் என்று குழாய் வழியாகவே பார்த்தேன். சிரித்த முகங்கள் எல்லாம் மெழுகு மாதிரி வழுக்கிக்கொண்டு போயின, பார்வைக்குப் பிடிமானமே இல்லை. கடைசியில் எரிந்துவிழுந்தேனே, அந்தப் படம் மட்டும் கண்ணில் வந்து மோதியது. இடது புருவம் ஏறியிருந்தது. இரண்டு புருவத்துக்கும் நடுவில் வெட்டின மாதிரி ஒரு கோடு. வாய் பாதி திறந்திருந்தது.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. மேட் காகிதத்தின் கறுப்பு காய்ந்தால் சாம்பலாகிவிடும், சாம்பல் அவர் கண்ணுக்கு ஏறாது.

"காஞ்ச பொறவு மெழுகு தேச்சா கறுப்பு ஏறும்" என்றார் சார்.

"பளபளப்பும் ஏறும் சார். கூசும்னுவாரு."

அவர் யோசித்துத் தலையாட்டினார்.

காகிதத்தைத் தட்டில் போட்டேன். ஆட்ட ஆரம்பித்தேன். வெளியே ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, வீட்டுக்காரர் ஓட்டின பஸ்ஸும் அதில் ஒன்றாக இருக்கும். காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. தட்டு சாய்ந்தது, நிமிர்ந்தது, சாய்ந்தது. சிவப்பு வெளிச்சத்தில் என் கையே யாருடைய கையோ மாதிரி தெரிந்தது. தண்ணீருக்கு அடியில் யாரோ என்னைப் பார்த்தார்கள். முதலில் கண், பிறகு தலைமுடி. ஆற்றில் குனிந்து பார்த்தால் தெரிகிற முகம் மாதிரி ஆடிக்கொண்டே வந்தேன் நான். புருவத்தில் கறுப்பு பிடித்தது. சார் இடுக்கியால் தட்டினார்.

நான் தூக்கவில்லை.

மறுபடி தட்டினார். என் முகம் கறுத்துக்கொண்டே போயிற்று. நெற்றிக் கோட்டில் கறுப்பு இறங்கியது, மூக்கின் பக்கத்தில், உதட்டு ஓரத்தில், கழுத்து மடிப்பில். வேறு யார் படமாக இருந்தாலும் பாழ். சார் என் பக்கம் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. காயட்டும், சாம்பல் எவ்வளவு எடுத்துக்கொள்ளுமோ எடுத்துக்கொள்ளட்டும், அதற்கும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நின்றேன். இனி பொறுத்தால் கண் இரண்டும் மூடிப்போகும் என்கிற இடத்தில் தூக்கினேன்.

காலையில் காய்ந்திருந்தது. கறுப்பு ஒரு படி இறங்கி, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. அசிங்கமாகத்தான் இருந்தேன். சுருக்கம் எல்லாம் கரிக்கோடு. தெருச்சண்டைக்குக் கிளம்பினவள் மாதிரி இருந்தேன். டீச்சரம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். "ஃபிரேம் வேண்டாம், கண்ணாடி போட்டாக் கூசும்" என்று சார் ஒரு காகித உறை செய்து அதில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுப் பின்வாசல் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் கொடுத்தேன். நீட்டிப் பிடித்தார், கொஞ்சம் இழுத்தார், மறுபடி நீட்டினார். கை நின்றது. கண்ணும் நின்றது. ரோட்டில் போன லாரிகூட எனக்குக் கேட்கவில்லை.

"ஆங்" என்றார். "சிக்கிட்டமே."

அப்புறம் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். "நான் இன்னா பண்ணேன்? இப்ப இன்னாத்துக்குத் திட்டப்போற?"

அழுதுகொண்டே சிரித்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டே, "நீ இன்னா பண்ணாலும் திட்டுவேன்யா" என்றேன்.

அதற்குப் பிறகு ஆபரேஷன் வரைக்கும் தினமும் அதே இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் படிக்கிற மாதிரி. பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார், உதடு ஏதோ முணுமுணுக்கும், திறந்து சரிபார்ப்பார். நான் சாப்பிடக் கூப்பிட்டால் "இரு, நீ இன்னும் முடில" என்பார்.

டாக்டர் பயந்த மாதிரியே ஆகிவிட்டது. கட்டுப் பிரித்தபோது ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் சொன்னார். இப்போதும் அவ்வளவுதான் தெரிகிறது. நான் லேப்பிலிருந்து நின்று வீட்டோடு இருக்கிறேன். அவர் கூடவே இருக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் முருகேசன் வந்திருந்தார், அவரோடு பஸ் ஓட்டினவர். எதைப் பேசுவது என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இவரே பேச்சை ஆரம்பித்தார். தலையணைக்கு அடியிலிருந்து உறையை எடுத்து, படத்தை நோகாமல் உருவி, முருகேசன் குரல் வந்த பக்கமாக நீட்டினார்.

"பாரு, கஸ்தூரி. அவுங்க சாரு எடுத்தது. எடது புருவம் மட்டும் ஏறிகினு கீது பாரு. ரெண்டு புருவத்துக்கும் நடுவுல ஒரு கோடு, அது எனக்குன்னே வெச்சிகினு கீறா. வாயி பாதிதான் தொறந்துகீது. இதோ, அடுத்த நொடில கத்துவா."

முருகேசன் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மேட் காகிதத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் விரலுக்கு ஒன்றுதான். அவர் நீட்டிக்கொண்டிருந்தது வெறும் வெள்ளைப் பக்கம்.

நான் வாயில் விரலை வைத்தேன்.

"நல்லா கீதா?" என்றார் இவர்.

முருகேசன் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பிடியே கீதுப்பா" என்றார். "அச்சு அசலா அண்ணிதான்."

"வெரல் படாம குடு."

நான்தான் கை நீட்டி வாங்கினேன். திருப்பாமலேயே உறைக்குள் போட்டு, அவர் தலையணைக்கு அடியில் வைத்தேன்.